தேக்குக்கு வெள்ளை அடிக்கலாமா? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வாடகை வீட்டுக்காகப் பழைய சாமான் கடையில் ஒரு மேஜையும் கண்ணாடி வைத்த டிரெஸ்ஸிங் டேபிளும் வாங்கினேன். இரண்டும் கறுத்துப் பிசுபிசுவென்று இருக்கின்றன. இரண்டுமே தேக்கு என்றார் கடைக்காரர். வெள்ளை எனாமல் அடித்துவிடலாம் என்று நினைக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: பெயின்ட் டப்பாவை இப்போது திறக்க வேண்டாம், சகோதரி. முதலில் மேஜையைக் கவிழ்த்துப் போடுங்கள். மேல் பலகையை யாரும் பளபளப்பாக்கிக் கொடுத்துவிடலாம். ஒரு சாமானின் ஜாதகம் அதன் அடிப்பக்கத்தில்தான் எழுதியிருக்கும். பாலிஷ் படாத அந்த இடத்தில் மரத்தின் சொந்த நிறம் தெரியும். பலகையின் ஓரத்தைப் பாருங்கள். மேலே ஓடும் மரக்கோடுகள் ஓரத்தில் திரும்பி, வெட்டுமுகத்திலும் தொடர்ந்தால் முழு மரம். ஓரத்தில் அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட். ரொட்டித்தூளை அழுத்தி வைத்ததுபோல இருந்தால் மரத்தூள் பலகை. அதன் கால்மாட்டில் ஊறிய வீக்கம் இருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். ஒருமுறை ஊதிய மரத்தூள் பலகை மறுபடி பழைய நிலைக்கு வராது. அதற்குச் செய்யும் செலவெல்லாம் வீண்.

முழு மரம்தான் என்று தெரிந்தால், அடியில் ஒரு விரல் அகலத்துக்கு உப்புத்தாள் போட்டு முகர்ந்து பாருங்கள். தேக்குக்குப் பதனிட்ட தோலை ஒத்த ஒரு வாசனை உண்டு. தூளைத் தேய்த்தால் விரலில் லேசான எண்ணெய்ப் பசை தட்டும். தேக்கு என்று உறுதியானால் என் பதில் இதுதான்: தயவுசெய்து பெயின்ட் அடிக்காதீர்கள். எண்ணெய் உள்ள மரம் என்பதால் பெயின்ட் அதில் சுலபமாகப் பிடிக்காது. நாளைக்கு மனம் மாறி, மரமே தெரியட்டும் என்று நினைத்தால், மரக்கோடுகளின் பள்ளத்துக்குள் இறங்கிய வெள்ளையை எடுப்பது பெரும்பாடு.

நீங்கள் சொல்லும் கறுப்பு பெரும்பாலும் மரத்தினுடையது அல்ல. பழைய அவலரக்கு (ஷெல்லாக்) பாலிஷின் மேல் கைப்பிசுக்கும் எண்ணெயும் புகையும் படிந்து ஏறிய கறுப்பு அது. மறைவான ஓரிடத்தில் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து அரை நிமிடம் வைத்துப் பாருங்கள். பசை பசையாக இளகினால் அவலரக்குதான். இதைப் புதுப்பிப்பது மிகச் சுலபம். டர்பென்டைன் நனைத்த துணியால் பிசுக்கைத் துடைத்தெடுங்கள். ஓர் இரவு காயட்டும். பிறகு பஞ்சை மல் துணியில் முடிந்து, ஸ்பிரிட்டில் கரைத்த அவலரக்கைத் தொட்டு, மரக்கோடு ஓடும் திசையிலேயே, நடுவில் நிறுத்தாமல் இழுங்கள். கை நின்ற இடத்தில் தடம் விழுந்துவிடும். எவ்வளவு மெல்லிசாகப் பூச முடியுமோ அவ்வளவு மெல்லிசாக, பல தடவை பூச வேண்டும். ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்பு எரியும் பக்கம் இந்த வேலை வேண்டாம்.

டிரெஸ்ஸிங் டேபிள் பிளைவுட்டாகவோ மட்ட மரமாகவோ இருந்தால் தாராளமாக வெள்ளை அடியுங்கள். சோப்பு நீரில் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் 120 எண் உப்புத்தாளில் தேய்த்து, பிரைமர் அடித்து, குழிகளில் பட்டி பார்த்து, 220 எண் தாளில் வழவழப்பாக்கி, அதன்பிறகு இரண்டு மெல்லிய பூச்சு. தண்ணீரில் கரையும் எனாமலாகவே கேட்டு வாங்குங்கள். எண்ணெய் கலந்த வெள்ளை எனாமல், வெளிச்சம் படாத இழுப்பறை உட்புறத்திலும் கதவின் பின்பக்கத்திலும் நாளடைவில் மஞ்சளித்துவிடும். கண்ணாடியில் கரும்புள்ளி விழுந்திருந்தால் அதன் பின்புற வெள்ளிப் பூச்சே போய்விட்டது என்று பொருள். கண்ணாடியை மட்டும் மாற்றுங்கள்.

கேள்வி: என் மாமியார் சீதனமாகக் கொண்டுவந்த இரும்பு பீரோ, அடியெல்லாம் துருப்பிடித்துவிட்டது. எடைக்குப் போடச் சொல்கிறார்கள். காப்பாற்ற முடியுமா?
– வாசகி, நாகப்பட்டினம்

பதில்: கட்டாயம் முடியும். எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அந்தக் காலத்துத் தகட்டின் கனம் இன்றைய மலிவு அலமாரிகளில் கிடைக்காது. கதவைத் தட்டிப் பாருங்கள், ஓசையிலேயே தெரிந்துவிடும்.

கடலோர ஊர் என்பதால் உங்களுக்கு முதல் வேலை கழுவுவது. கண்ணுக்குத் தெரியாத உப்பு தகட்டின் மேல் படிந்திருக்கும். அதற்கு மேலேயே பெயின்ட் அடித்தால் அடுத்த மழைக்குள் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பிவிடும். நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டு அலசி, உடனே துடைத்து, வெயிலில் காயவிடுங்கள். பழைய பெயின்டில் காரீயம் (லெட்) இருக்கலாம், எனவே கையுறையும் என்-95 முகக்கவசமும் போட்டுக்கொண்டு, துரு உள்ள இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, தண்ணீர் நனைத்த 80 எண் வாட்டர் பேப்பரால் இரும்பு மின்னும்வரை தேய்க்க வேண்டும். துருவுக்கு நாலு பக்கமும் நன்றாக இருப்பதுபோலத் தெரியும் பெயின்டையும் ஒரு விரற்கடை சேர்த்துத் தேய்த்து எடுங்கள். துரு அதற்கு அடியிலும் ஊர்ந்திருக்கும். தின்னர் துணியால் துடைத்த அன்றே, பொழுது சாய்வதற்குள் ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்துவிடுங்கள். உங்கள் ஊர்க் காற்றில் திறந்து கிடக்கும் இரும்பு ஓர் இரவில் மறுபடி சிவந்துவிடும்.

பீரோ ஏன் எப்போதும் அடியில் இருந்தே துருப்பிடிக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? தினமும் தரை துடைக்கும் ஈரத்துணி கால்களைச் சுற்றித் தேங்கவிடும் தண்ணீர்தான் முதல் காரணம். பீரோவைச் சாய்த்து, அடித்தகட்டுக்கும் கால்களுக்கும் உள்ளும் புறமும் ஒரு பூச்சு கூடுதலாகக் கொடுங்கள். நிமிர்த்தும்போது நான்கு கால்களுக்கும் ரப்பர் குமிழ் போட்டு வையுங்கள். பிரைமர் காய்ந்தபின் அதன்மேல் அடிக்கும் எனாமல், தொட்டால் ஒட்டாத அளவுக்கு ஒரே நாளில் காய்ந்துவிடும். உள்ளே இறுகுவதற்கு இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். அதற்குள் தட்டில் செய்தித்தாள் விரித்துத் துணி அடுக்கினால், தாளின் எழுத்தெல்லாம் பெயின்டில் பதிந்துவிடும். மாமியாரின் பட்டுப்புடவைகள் அதுவரை வேறிடத்தில் இருக்கட்டும்.

கேள்வி: மேஜை இழுப்பறை மழைக்காலத்தில் இறுகிக்கொள்கிறது. இழைப்புளி போடலாமா?
– வாசகர், தென்காசி

பதில்: வேண்டாம். மழையில் ஊதிய மரம் பங்குனி வெயிலில் தானே சுருங்கும். இழைத்துவிட்டால் அப்போது லொடலொடக்கும். இழுப்பறை உரசி ஓடும் இரண்டு சட்டங்களிலும் மெழுகுவத்தியை அழுத்தித் தேயுங்கள், போதும். இழுப்பறையின் பக்கவாட்டில் யாராவது பெயின்ட் அடித்திருந்தால் அதைச் சுரண்டி எடுங்கள். உரசும் இடத்தில் பெயின்ட் இருக்கக் கூடாது.

கேள்வி: எங்கள் வீட்டில் மூன்று தலைமுறைக் குழந்தைகள் படுத்த மரத்தொட்டில் இருக்கிறது. பச்சையும் மஞ்சளுமாகப் பழைய பெயின்ட். மகளுக்குப் பிரசவம் நெருங்குகிறது. சுரண்டிவிட்டுப் புது நிறம் அடிக்கும் வேலையை மகளும் நானும் சேர்ந்து செய்ய ஆசைப்படுகிறோம்.
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: அம்மா, இந்த மாதம் வந்த கடிதங்களில் என்னை நிம்மதியாக இருக்கவிடாத கடிதம் உங்களுடையது. மகளை அந்த வேலையின் பக்கமே விடாதீர்கள். நீங்களும் உப்புத்தாளைத் தொடாதீர்கள்.

பழைய எனாமல் பெயின்டுகளில் காரீயம் கலந்திருக்கும். பளிச்சென்ற மஞ்சள், பச்சை, சிவப்பு நிறங்களில் அது நிறத்துக்காகவே சேர்க்கப்பட்டது. வீட்டுப் பெயின்டில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று இந்திய அரசு 2016-ல் விதி கொண்டுவந்தது. அது நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பர் 1-ல். உங்கள் தொட்டிலின் பெயின்ட் அதற்கு எத்தனையோ காலம் முந்தியது. காரீயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு இருந்தால் பாதகமில்லை என்று சொல்லக்கூடிய அளவே அதற்குக் கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கர்ப்பிணியின் உடலில் சேர்ந்தால் வயிற்றில் உள்ள சிசுவுக்கும் போகும். காய்ந்த பெயின்டை உப்புத்தாளில் தேய்க்கும்போது எழும் தூசிதான் எல்லாவற்றிலும் மோசமான வழி. மூக்கில் கட்டும் கைக்குட்டை அதைத் தடுக்காது. அது தரையில் படிந்து, நாளை தவழப்போகும் பிள்ளையின் கைக்கும் கையிலிருந்து வாய்க்கும் போய்ச் சேரும்.

பழையதை மூடினாற்போல் மேலேயே புது பெயின்ட் அடித்தால் என்ன என்று கேட்பீர்கள். பெரியவர்கள் புழங்கும் பொருளென்றால் அப்படித்தான் செய்யச் சொல்வேன்: பெயின்ட் உதிராமல் கெட்டியாக இருக்க வேண்டும், தண்ணீர் நனைத்த வாட்டர் பேப்பரால் லேசாக உரசி, கலங்கிய தண்ணீரை ஈரத்துணியால் ஒற்றியெடுத்து, துணியைக் கட்டி எறிந்துவிட்டு, மேலே இரண்டு பூச்சு. துடைப்பம் போட்டுப் பெருக்கக் கூடாது. கையுறையும் என்-95 முகக்கவசமும் கட்டாயம். தொட்டிலுக்கு இந்த யோசனையைச் சொல்ல மாட்டேன். பல் முளைக்கும் பிள்ளை தொட்டில் சட்டத்தைக் கடிக்கும். கடித்தால் மேல் பூச்சோடு அடிப் பூச்சும் வாய்க்குள் போகும்.

மூன்று தலைமுறைப் பாசத்தை நான் குறைத்து எடை போடவில்லை. தொட்டிலை ஈரத்துணியால் துடைத்து, பெட்ஷீட்டில் சுற்றிப் பத்திரமாக வையுங்கள். பிள்ளைக்கு ஒரு புடவைத் தூளி கட்டுங்கள். பாட்டியின் புடவையாக இருந்தால் பாசம் அதில் தொடரும்.

கேள்வி: பழைய கட்டிலுக்கு வெள்ளை அடித்தோம். இரண்டே நாளில் ரோஸ் நிறத்தில் திட்டுத் திட்டாக வந்துவிட்டது. மறுபடி அடித்தும் அப்படியே!
– வாசகர், சென்னை

பதில்: இன்னும் பத்து தடவை அடித்தாலும் அப்படியேதான் வரும், தம்பி. மட்ட மரத்தை ஈட்டி மரம் (ரோஸ்வுட்) போலக் காட்டுவதற்காக முன்பு ஏற்றிய செஞ்சாயம் உங்கள் பெயின்டில் கரைந்து மேலே வருகிறது. அதற்கு ஓர் அணை வேண்டும். காய்ந்த வெள்ளையின் மேலேயே லேசாக உப்புத்தாள் போட்டுத் துடைத்துவிட்டு, ஸ்பிரிட்டில் கரைத்த அவலரக்கை இரண்டு பூச்சு அடியுங்கள். ஒன்று காய்ந்தபின் மற்றொன்று. சாயம் அதற்குள் அடங்கிவிடும். அதன்மேல் பிரைமரும் வெள்ளையும். இந்தத் தந்திரம் தெரியாமல் எத்தனையோ பேர் பெயின்டையும் பெயின்டரையும் குறை சொல்கிறார்கள்.

கேள்வி: என் தகப்பனாரின் ஈட்டி மரச் சாய்வு நாற்காலிக்கு 'சாக் பெயின்ட்' அடித்து, ஓரங்களைத் தேய்த்துப் பழமையாகக் காட்டலாம் என்கிறான் மகன். எனக்கு மனம் ஒப்பவில்லை. பிரம்புப் பின்னலும் தொய்ந்திருக்கிறது.
– வாசகர், தேவகோட்டை

பதில்: ஐயா, உங்கள் மனம் சொல்வதுதான் சரி. உண்மையிலேயே பழமையான ஒன்றின் மேல் பழமைபோல வேஷம் போடுவது எதற்கு? சாக் பெயின்டை நான் வெறுப்பவள் அல்ல. 1990-ல் இங்கிலாந்தில் ஆனி ஸ்லோன் என்ற பெண்மணி உருவாக்கியது. அதிகம் தேய்க்காமலேயே பிடித்துக்கொள்ளும், சுண்ணாம்புச் சுவரைப்போல மங்கலாக, அழகாக இருக்கும். ரப்பர் மரத்தில் செய்த ஸ்டூல், பிளைவுட் அலமாரி, பழக்கூடைப் பலகையில் செய்த அடுக்கு இவற்றுக்கெல்லாம் அடித்துப் பாருங்கள், வீடே கலகலப்பாகிவிடும். அதன்மேல் மெழுகு பூசச் சொல்வார்கள். நம் சித்திரை வெயிலில் மெழுகு இளகிப் புழுதியைப் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் வார்னிஷ் அடிப்பதே நமக்கு உகந்தது.

உங்கள் மகனுக்குக் கை துறுதுறுக்கிறது, அதை அடக்க வேண்டாம். பக்கத்திலேயே காரைக்குடி. முனீஸ்வரன் கோயில் தெருவில் இருக்கும் பழம்பொருள் கடைகளுக்கு ஒருமுறை கூட்டிப்போங்கள். பிரித்தெடுத்த வீடுகளின் பர்மாத் தேக்குத் தூண்களும் நிலைகளும் அங்கே என்ன மரியாதையோடு விற்கின்றன என்று அவர் கண்ணால் பார்க்கட்டும். வரும்போது கால் ஒடிந்த முக்காலி ஏதேனும் வாங்கிக்கொடுத்து, அதில் அவர் ஆசைப்பட்ட நிறத்தை அடிக்கச் சொல்லுங்கள். நாற்காலியின் கை, கால் ஆட்டத்தைச் சரிசெய்ய நேர்ந்தால் ஆணி மட்டும் அடித்துவிடாதீர்கள். பழைய தச்சர்கள் வச்சிரம் என்ற தோல் பசையைக் காய்ச்சி ஒட்டியிருப்பார்கள். வெந்நீர்த் துணியால் ஒற்றினால் வச்சிரம் இளகிவிடும். கழுந்தை, அதாவது துளைக்குள் செருகும் முனையை, சுத்தமாகச் சுரண்டிவிட்டுப் புதிதாக ஒட்டலாம். பழைய வச்சிரத்தின் மேல் இன்றைய வெள்ளைப் பசை பிடிக்காது.

பிரம்பு அறுந்திருந்தால் புதிதாகப் பின்னத்தான் வேண்டும். வெறுமே தொய்ந்திருந்தால் நாற்காலியைக் கவிழ்த்து, பின்னலின் பாலிஷ் இல்லாத அடிப்பக்கத்தை வெந்நீரில் நனைத்த துணியால் நன்றாக ஊறவிடுங்கள். மேல்பக்க மரச்சட்டத்தில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பாலிஷ் வெளுத்துவிடும். பிறகு காற்றோட்டமான நிழலில், கவிழ்த்தபடியே காயவிடுங்கள். காயக் காயப் பிரம்பு சுருங்கி விறைத்துக்கொள்ளும். நன்றாகக் காயும்வரை யாரும் உட்கார வேண்டாம்.

கேள்வி: வாங்கிய அலமாரியின் கீழே மாவுபோல மரத்தூள் கொட்டுகிறது. பெயின்ட் அடித்தால் நின்றுவிடுமா?
– வாசகி, விழுப்புரம்

பதில்: ஓட்டைக்குள் இருக்கும் புழு பெயின்டுக்கு அஞ்சாது, உள்ளேயே தின்று வளர்ந்து, வண்டாகி, பெயின்டைத் துளைத்து வெளியே வரும். அலமாரியை இன்றே மற்ற மரச்சாமான்களை விட்டுத் தள்ளி வையுங்கள். உளு என்ற இந்தப் பூச்சி பெரும்பாலும் வைரம் பாய்ந்த பகுதியைத் தொடாது, வெளுத்த ஓரக்கட்டையைத்தான் தின்னும். ஆகவே எந்தச் சட்டத்தில் ஓட்டை என்று டார்ச் அடித்துப் பாருங்கள். திருப்புளி முனையால் குத்தினால் உள்வாங்கும் சட்டத்தை ஆசாரியிடம் சொல்லி மாற்றிவிடுங்கள். கெட்டியாக இருந்தால் பெயின்ட் கடையில் கிடைக்கும் மரப்பூச்சி மருந்தைக் கையுறை போட்டுக்கொண்டு, ஊசியால் ஒவ்வொரு ஓட்டையிலும் செலுத்துங்கள். பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம். ஓட்டைகளை மெழுகால் அடைத்துவிட்டு அடியில் கறுப்புத்தாள் விரித்து வையுங்கள். ஒரு வெயில் காலமும் ஒரு மழைக்காலமும் போகட்டும். தாளில் புதுத்தூள் விழவில்லை என்றால், எந்த நிறம் அடிக்கலாம் என்று எனக்கு மறுபடி எழுதுங்கள்.