கலைக்காமல் பார்ப்பது எப்படி?

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் பறவை, யானை, ஆமை பார்க்கப் போவது பற்றித்தான் இம்முறை கேள்விகள் அதிகம். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

கேள்வி: ஜூன் மாதம் பிள்ளைகளோடு எட்டுப் பேர் குமணைக்குப் போக நினைக்கிறோம். போன வருடம் வேறொரு பூங்காவில் ஜீப் ஓடிய ஓட்டத்தில் தூசியைத்தான் பார்த்தோம். இம்முறை என்ன சொல்லி ஜீப் பேசுவது?
(அக்கரைப்பற்று வாசகி)

பதில்: நல்ல மாதம். குமண வில்லில் (ஆழமில்லாத இயற்கை நீர்நிலை) மே முதல் ஜூலை வரை பறவைகள் கூடு கட்டும். மஞ்சள் மூக்கு நாரை, கரண்டிவாயன், நீர்க்காகம், கொக்கு எல்லாம் ஒரே கண்டல் மரத்தில் மாடி வீடு போல மேலும் கீழுமாகக் குடியிருக்கும். 1938இலேயே பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம். போர் காரணமாக 1985 முதல் 2003 வரை பூங்கா மூடிக்கிடந்தது.

பொத்துவிலிலேயே எரிபொருள் நிரப்பிக்கொண்டு, பாணமை வழியாக உகந்தை வாசலுக்குக் காலை ஆறு மணிக்கே போய்விடுங்கள். எட்டுப் பேரையும் ஒரே ஜீப்பில் அடைக்காதீர்கள். பின்வரிசைக்காரருக்கு எதுவும் தெரியாது, எழுந்து நிற்பார்கள், கூப்பாடு தொடங்கிவிடும். இரண்டு ஜீப் எடுங்கள். இரண்டும் ஒன்றாக வில்லுக்குப் போகாமல் அரை மணி இடைவெளி விடட்டும்.

ஓட்டம் ஏன் நடக்கிறது என்றால், கிட்டக் கொண்டுபோய்க் காட்டினால்தான் சந்தோசம் கிடைக்கும் என்று சாரதி நம்புகிறார். அந்த நம்பிக்கையை ஏறுவதற்கு முன்பே மாற்ற வேண்டும். "தம்பி, 25 கிலோமீற்றருக்கு மேல் வேண்டாம். யானை தெரிந்தால் தூரத்திலேயே நிற்பாட்டுங்கள். சிறுத்தை காணாவிட்டாலும் பரவாயில்லை, அமைதியாகக் காட்டினால் மேலதிகமாகத் தருவோம்" என்று சொல்லிவிடுங்கள். சொன்னபடி கொடுக்கவும் வேண்டும். கூடவரும் திணைக்கள வழிகாட்டிக்குத் தனியாகக் கொடுங்கள். சாரதியிடம் சேர்த்துக் கொடுத்தால் பங்கில் மனக்கசப்பு வரும்.

வில்லருகே என்ஜினை நிறுத்தி, கதவை அடிக்காமல் இருங்கள். கூட்டிலிருக்கும் பறவை இறகு கோதுகிறதா, குஞ்சுக்கு ஊட்டுகிறதா என்று பாருங்கள். அதை விட்டுவிட்டுக் கழுத்தை நீட்டி உங்கள் பக்கம் பார்த்தால், நீங்கள் கிட்ட வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். பின்வாங்குங்கள். பறந்து எழும்வரை காத்திருந்தால் பிந்திவிட்டது. வெயில் ஏறிய நேரத்தில் தாய் எழுந்தால் குஞ்சுக்கு நிழல் இல்லை. காகமும் கபரகொய்யாவும் (நீர் உடும்பு) அதற்காகவே சுற்றிக்கொண்டிருக்கும். பதினொரு மணிக்குத் திரும்பிவிடுவது இருவருக்கும் நல்லது.

சாப்பாட்டைப் பொலித்தீன் சுற்றாமல் சோற்றுப் பெட்டியில் கட்டுங்கள். திரும்பும்போது பாணமையில் ஒரு வீட்டுக் கடையில் சாப்பிட்டு, ஒரு சட்டி எருமைத் தயிர் வாங்கினால் உங்கள் பணத்தில் கொஞ்சம் காட்டோரத்திலேயே தங்கும்.

கேள்வி: பொத்துவில் களப்பில் இறால், நண்டு பிடிக்கிறேன். இரண்டு தோணி உண்டு. வெளிநாட்டாரை ஏற்றிக் காட்டினால் நல்ல வருமானம் என்கிறார்கள். என்ஜின் பூட்டட்டுமா? எத்தனை பேரை ஏற்றலாம்?
(பொத்துவில் மீனவர்)

பதில்: என்ஜின் வேண்டாம். அதன் அலை கரைச் சேற்றைக் கிளறி, வேர்விடும் கண்டல் நாற்றுகளைப் பிடுங்கும். அந்த வேரடியில்தான் உங்கள் இறால் குஞ்சு வளர்கிறது. காட்டவந்த பறவையும் சத்தத்தில் எழுந்து போய்விடும்.

தனித்தோணி ஆடும், புதியவர் பயப்படுவார். இரண்டையும் அருகருகே வைத்துக் குறுக்குக் கம்பு போட்டுப் பலகை பரப்புங்கள். கம்பைக் கயிற்றால் கட்டுங்கள், ஆணி அடிக்க வேண்டாம். உப்புத் தண்ணீரில் ஆணி துருப்பிடித்து மரத்தையும் பிளக்கும். பயணிகள் நான்கு பேர், தள்ளுவதற்கு இருவர். ஏற்றுவதற்கு முன் இடுப்பளவு தண்ணீரில் உங்கள் ஆட்கள் ஆறு பேரை ஏற்றிப் பாருங்கள். தோணி விளிம்பு தண்ணீருக்கு மேலே ஒரு சாணாவது நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ஒருவரைக் குறையுங்கள். உயிர்காப்பு அங்கி ஆளுக்கொன்று, பிள்ளைகளுக்குச் சிறியது தனியாக. இதற்கெல்லாம் முன்பு பிரதேச சபையிலும் மீன்பிடித் திணைக்களத்திலும் கேட்டு அனுமதி எடுத்துவிடுங்கள்.

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் விடியற்காலைப் பயணம்தான் உத்தமம். மாலை என்றால் நான்கு மணிக்குப் பிறகு. முதலில் காற்றுக்கு எதிராகப் போய், களைத்த பிறகு காற்றோடு திரும்புங்கள். இதை மாற்றிச் செய்பவர்கள்தான் இருட்டில் சேற்றில் சிக்குகிறார்கள். பறவை அடையும் மரத்துக்கு முப்பது மீற்றருக்குள் போகாதீர்கள். கரையில் யானை நின்றால் நடுக் களப்பிலேயே நில்லுங்கள். யானைக்கு நன்றாக நீந்தத் தெரியும். முதலை உள்ள தண்ணீர், ஆகவே கையைத் தண்ணீரில் விடக் கூடாது என்பதைப் புறப்படும் முன்பே சொல்லிவிடுங்கள்.

பணம்தான் பெரும்பாலும் சண்டையைக் கொண்டுவரும். பக்கத்துத் தோணிக்காரரையும் சேர்த்து ஒரு முறைக்கொப்பி வையுங்கள். இன்று யார் முதல், நாளை யார் என்று அதில் எழுதியிருக்கட்டும். கட்டணத்தைத் தோணிக்கு இவ்வளவு என்று பலகையில் எழுதித் தொங்கவிடுங்கள். ஆட்களைக் கொண்டுவரும் ஆட்டோக்காரருக்கு ஒரே தொகை என்று எல்லோரும் பேசி முடியுங்கள். இல்லாவிட்டால் ஒருவர் கூட்டிக் கொடுப்பார், மற்றவர் கட்டணத்தைக் குறைப்பார், கடைசியில் நட்டத்தை ஈடுகட்ட எட்டுப் பேரை ஏற்றுவார்கள். ஒவ்வொரு பயணத்திலும் ஒரு பங்கைப் பொதுப்பெட்டியில் போட்டால் அங்கி மாற்றவும், மீன்பாடு இல்லாத நாட்களில் கைகொடுக்கவும் உதவும். மீன்பிடியை விட்டுவிடாதீர்கள், சுற்றுலாப் பருவம் முடிந்தால் அறுகம்பை வெறிச்சோடிவிடும்.

கேள்வி: பள்ளக்காட்டுக் குப்பைமேட்டுக்குப் போனால் யானை நிச்சயம் தெரியும், சீட்டும் இல்லை என்று நண்பர்கள் கூப்பிடுகிறார்கள். போகலாமா?
(கல்முனை வாசகர்)

பதில்: போகாதீர்கள். 2022 தொடக்கத்தில் வந்த செய்திகளின்படி, அங்கு எட்டு வருடங்களில் ஏறக்குறைய 20 யானைகள் பிளாஸ்டிக் தின்று இறந்திருக்கின்றன. வயிற்றைத் திறந்து பார்த்தால் உணவு சுற்றிய பொலித்தீன். குப்பைக்குப் பழகிய யானை ஆளுக்கும் வாகனத்துக்கும் அஞ்சாது, நீங்கள் கையில் வைத்திருக்கும் பொதியை உணவென்றே நினைக்கும். இலவசக் காட்சிதான், ஆனால் அங்கே ஆபத்து என்றால் உதவிக்கு ஒருவரும் இல்லை.

லாகுகல வீதியில் வாழைப்பழம் எறிவதும் இதே கதை. புத்தல–கதிர்காமம் வீதியில் அப்படிப் பழகிய யானைகள் வாகனத்தை மறித்துக் கேட்டு வாங்குகின்றன.

கேள்வி: யானையைக் காட்டிச் சம்பாதிப்பவர் கடற்கரை ஹோட்டல்காரர். வயலை இழப்பவர் நாங்கள். உங்கள் பத்திரிகை "யானையைக் காப்போம்" என்று எழுதுவது எரிச்சலாக இருக்கிறது.
(பொத்துவில் விவசாயி)

பதில்: எரிச்சலில் நியாயம் இருக்கிறது. இரவெல்லாம் பரணில் விழித்திருப்பவருக்கு ஜீப் வாடகையில் ஒரு சதமும் வராத சுற்றுலாவைப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது.

வயலுக்கு இன்றுள்ளவற்றில் நல்லது பருவகால மின்வேலி. 2020இல் தயாரான தேசிய செயல்திட்டமும் காட்டோரத்தில் நீளமாகப் போடும் வேலியைவிட, ஊரையும் வயலையும் சுற்றி ஊராரே பராமரிக்கும் வேலியைத்தான் வலியுறுத்தியது. விதைப்போடு போட்டு, அறுவடையோடு கழற்றுவது. அதன்பின் யானை தாளடியை மேய்ந்துவிட்டுப் போகட்டும். வேறெங்கும் அதற்கு உணவில்லாத காலம் அது.

வேலி தோற்பது பெரும்பாலும் மூன்று காரணங்களால். புல் வளர்ந்து கம்பியைத் தொட்டால் மின்சாரம் நிலத்துக்கு இறங்கி, பிற்பாடு சுடாது. ஆகவே வாரம் ஒருமுறை கம்பியடியைச் செதுக்க வேண்டும். பற்றரி இறங்கியிருப்பது தெரியாமல் இருப்பது இரண்டாவது; மாலையில் சோதனைக் கருவியால் பார்ப்பது ஒருவருடைய முறையாக இருக்கட்டும். மூன்றாவது, தூணுக்கு வெளியே மரம் விடுவது. யானை அதைச் சாய்த்தே கம்பியை அறுக்கும்.

வேலிக்கு ஆகும் செலவுக்கு ஹோட்டல்காரரைப் பங்குக்குக் கூப்பிடுங்கள். விருந்தினரை உங்கள் வயல்பரணுக்கு மாலை அழைத்துவந்து, மதியச் சோறும் உங்கள் ஊரில் எடுத்தால், தலைக்கு இவ்வளவு என்று வேலிக்கணக்கில் போடச் சொல்லலாம். எழுத்தில், ரசீதோடு. இரவில் பரணுக்கு யாரையும் ஏற்றாதீர்கள். காவல் வேறு, காட்சி வேறு. ஹக்கப்பட்டாஸ் (கடித்ததும் வாயில் வெடிக்கும் வெடி) வைத்த பூசணியால் இறக்கும் யானையில் உங்களுக்கு நட்டஈடும் இல்லை, மிஞ்சுவது வழக்கும் வாயெரிந்த குட்டியின் கோபமும்தான்.

கேள்வி: காசு கொடுத்தால் ஆமைக்குஞ்சைக் கையில் தந்து பகலில் கடலில் விடச் சொல்கிறார்கள். புண்ணியமா, பாவமா?
(வாழைச்சேனை வாசகி)

பதில்: காசை வைத்திருங்கள். குஞ்சு பொரித்து வெளிவரும்போது அதன் வயிற்றில் மஞ்சட்கரு மிச்சம் இருக்கும். கரையைத் தாண்டி ஆழக் கடலுக்கு ஓடி நீந்த அதுதான் எரிபொருள். தொட்டியில் நாட்கணக்காக வைத்தால் தொட்டியிலேயே தீர்ந்துவிடும். பகலில் விட்டால் பறவையும் மீனும் காத்திருக்கும். கடலாமையும் முட்டையும் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை, முட்டையை வைத்திருப்பதே குற்றம். இரவில் தாய் ஆமை கரையேறுவதைக் கண்டால் வெளிச்சம் அடிக்காமல், முட்டையிடத் தொடங்கும்வரை பின்னால் எட்டி நில்லுங்கள். கடற்கரை ஹோட்டலில் அறை எடுக்கும்போது கடலைப் பார்த்த வெள்ளை விளக்கை இரவில் அணைப்பார்களா என்று கேளுங்கள். குஞ்சுகள் வெளிச்சத்தைக் கடல் என்று நினைத்து வீதிக்கு வந்துவிடும்.

கேள்வி: கல்லடியில் பாடும் மீனை எப்போது கேட்கலாம்?
(மட்டக்களப்பு மாணவர்)

பதில்: காற்றில்லாத முழுநிலா இரவில், பாலத்துக்குப் பக்கத்தில். துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் வைத்து மறுமுனையைக் காதில் அழுத்துங்கள். இழையாக, தந்தி மீட்டினாற்போல் கேட்கும். என்ஜின் படகில் போனால் என்ஜினைத்தான் கேட்பீர்கள். ஒருமுறை கேட்காவிட்டால் அடுத்த பௌர்ணமி.

கேள்வி: காட்டு விலங்கு காயப்பட்டுக் கிடந்தால் யாரிடம் சொல்வது?
(அம்பாறை வாசகர்)

பதில்: வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992. இடத்தைச் சரியாகச் சொல்லுங்கள்: கிலோமீற்றர் கல், அருகிலுள்ள குளம், எந்தப் பக்கக் கரை. கூட்டம் சேர்ந்தால் நன்றாகத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். தண்ணீர் ஊற்றுவதும் படம் பிடிக்கக் கிட்டப் போவதும் வேண்டாம். ஆளுக்குக் காயம் என்றால் 1990 அம்புலன்ஸ்.