பெட்டியை முதலில், கத்தியை அப்புறம்

அன்புள்ள ஐயா,

பழைய புத்தகங்களைக் குடைந்து சிற்பம் செய்யும் அமெரிக்கக் கலைஞர் பிரையன் டெட்மர் பற்றி நீங்கள் எழுதியதை, கல்லூரியில் ஓவியம் படிக்கும் என் மகள் வாசித்துவிட்டாள். வாப்பா கொழும்பில் கடை வைத்திருந்தபோது வாங்கிய புத்தகங்கள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. அதைக் கேட்கிறாள். "எப்படியும் பூச்சிதானே தின்கிறது" என்கிறாள். தாளில் கால் பட்டால் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வீடு எங்களுடையது. என்ன சொல்வது?

ஒரு வாசகர், கீழக்கரை

அன்புள்ள நண்பருக்கு,

வம்பை இழுத்துவிட்டவன் நான்தான், மன்னிக்கவும்.

டெட்மர் புத்தகத்தின் ஓரங்களுக்குப் பூச்சு கொடுத்து இறுக்கி, ஒரே கட்டியாக்கிக்கொள்கிறார். பிறகு கத்தியும் இடுக்கியுமாக ஒவ்வொரு தாளாக உள்ளே போகிறார். எதையும் இடம் மாற்றுவதில்லை, புதிதாக ஒட்டுவதில்லை. வேண்டாததை எடுப்பதோடு சரி. முன்பக்கத்துப் படமும் கடைசிப் பக்கத்துச் சொல்லும் இருந்த இடத்திலேயே இருந்து ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும். வளையலாக அறுக்க வங்காளத்துக்குச் சங்கு அனுப்பிய கரைக்காரர் நீங்கள், இந்த வேலை உங்களுக்குப் புரியாதா என்ன?

ஆனால் அவர் கை வைப்பது பெரும்பாலும் காலாவதியான கலைக்களஞ்சியம், அகராதி, பாடநூல் மீதுதான். பிரிட்டானிக்காவே 2012-இல் அச்சுப் பதிப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டது. ஒரு தொகுதியை வெட்டினாலும் அதே தொகுதி வேறு எத்தனையோ வீடுகளில் கிடக்கும்.

புத்தகத்தை அழிப்பதே பாவம் என்றும் சொல்ல மாட்டேன். 1901-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய உங்கள் பக்கத்துப் பாண்டித்துரைத் தேவர், திருக்குறளைத் 'திருத்தி' அச்சிட்ட வெள்ளைக்காரர் ஒருவரின் பிரதிகளை மொத்தமாக விலைக்கு வாங்கி எரித்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. பிரியத்தில் அப்படியும் ஒரு வகை. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்கு ஏடு தேடிப்போன உ.வே.சாமிநாதையரிடமோ, பழுதுபட்ட ஏடுகளை ஆகமப்படி நெய்யில் தோய்த்து ஹோமம் செய்துவிட்டதாகச் சொன்னார்கள். மரியாதையாகத்தான் எரித்திருக்கிறார்கள். அவற்றில் என்ன இருந்தது என்று இனி யாருக்கும் தெரியாது. எனக்குப் பயம் அந்த மரியாதையிடம்தான், உங்கள் மகளின் கத்தியிடம் இல்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், திறக்காமலே வைத்திருக்கும் உங்கள் பெட்டியிலும் நடப்பது அந்த ஹோமம்தான். உப்புக்காற்றும் ராமபாணப் பூச்சியும் நிதானமாகச் செய்கின்றன.

ஆகவே பெட்டியை மகளிடமே கொடுங்கள், கத்தியை அப்புறம் கொடுக்கலாம். முதலில் ஒவ்வொன்றையும் அவள் புரட்டிப் பார்க்கட்டும். அரபுத்தமிழில், அதாவது அரபு எழுத்தில் எழுதிய தமிழில், அச்சானது ஏதேனும் இருந்தாலும், ஓரத்தில் வாப்பாவின் கையெழுத்து இருந்தாலும் தனியே எடுத்துவிடுங்கள். பழைய அச்சு நூல்களைப் பற்றிச் சென்னை ரோஜா முத்தையா நூலகத்தில் விசாரிக்கலாம். குர்ஆன் பிரதிகளை என்ன செய்வது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மிஞ்சியதை அவள் குடையட்டும். போதவில்லையா, பிளஸ் டூ நோட்ஸும் பழைய டெலிபோன் டைரக்டரியும் இருக்கவே இருக்கின்றன. அவற்றுக்காக நான் வாதாட வரமாட்டேன்.

பெட்டியைத் திறக்கும்போது மூக்கைச் சேர்த்து ஒரு துணி கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள், பூஞ்சைத் தூள் பொல்லாதது. ஈரம் ஏறிய புத்தகங்களை வெயிலில் போடாமல் மின்விசிறிக்குக் கீழே விரித்து வையுங்கள்.