பீரங்கி இருந்தும் ஒரு கோட்டை நகரைப் பிடிக்க ஏன் மாதக்கணக்கில் ஆனது?

18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவைப் பற்றித்தானே கேட்கிறீர்கள்? சுவர் பீரங்கியின் கண்ணில் படாது, அதுதான் காரணம். அக்காலக் கோட்டைச் சுவர் அகழிக்குள் அமிழ்ந்து கிடக்கும். வெளியே மெல்லச் சரியும் மண்மேடு அதை மறைத்துவிடும். தூரத்திலிருந்து சுட்டால் மேல்விளிம்புதான் உதிரும். அடிச்சுவரில் அடிக்க வேண்டுமென்றால் பீரங்கியை அகழியின் ஓரத்துக்கே கொண்டுபோயாக வேண்டும். உள்ளிருந்து வரும் குண்டுக்குத் தப்பிப் பள்ளம் வெட்டித்தான் அங்கே போக முடியும். அதனால் முற்றுகை என்பது பெரும்பாலும் மண்வெட்டி வேலை.

ஸ்பானிய வாரிசுரிமைப் போரில் 1708இல் வட பிரான்சின் லீல் நகரில் நடந்த முற்றுகையையே பாருங்கள். உள்ளே பிரெஞ்சு மார்ஷல் பூஃப்ளேர், வெளியே பிரான்சை எதிர்த்த நேசநாட்டுப் படையின் தளபதி இளவரசர் யூஜின். 80 பெரும் பீரங்கிகளும் 20 குண்டெறி பீரங்கிகளும் அவற்றுக்கான தளவாட வண்டிகளும் பிரஸ்ஸல்ஸிலிருந்து வந்துசேரவே சுமார் 16,000 குதிரைகள் தேவைப்பட்டன.

ஆகஸ்ட் 22 இரவு பள்ளம் தோண்டத் தொடங்கினார்கள். கோட்டையை நோக்கி நேராகத் தோண்டினால் ஒரே குண்டு பள்ளத்தின் நீளத்துக்கும் உருண்டு வரும். ஆகவே வளைத்து வளைத்துத்தான் போக வேண்டும். கோட்டையை நெருங்கியதும் நால்வர் குழு வேலைக்கு இறங்கும். முதல் ஆள் முழங்காலிட்டு ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழம் வெட்டுவான். பின்னால் வருபவர்கள் ஆளுக்கு அரையடி கூட்டி மூன்றடி ஆக்குவார்கள். தோண்டிய மண் அடியில்லாத பிரம்புக் கூடைகளுக்குள் போகும். அதுதான் அவர்களுக்கு அரண். இரண்டு கூடைக்கு நடுவே உள்ள இடுக்கைச் சுள்ளிக்கட்டால் அடைக்காவிட்டால் துப்பாக்கிக் குண்டு அந்த வழியாகவே வரும்.

அகழியோரம் வந்த பிறகும் சுவரை மேலிருந்து இடிக்கக் கூடாது. இடிபாடு கீழே குவிந்து அடிச்சுவருக்கே கவசமாகிவிடும். 24 பவுண்டு குண்டுகளால் முதலில் கீழே கிடைமட்டமாக ஒரு வெட்டு, பிறகு இருபுறமும் செங்குத்தாக. சுவர் தன் எடையாலேயே சரியும். சரிந்த கல்லே ஏறுவதற்குச் சாய்தளம்.

லீலில் பொறுமை தவறியது. செப்டம்பர் 7 அன்று வெளியரண்மீது அவசரமாகப் பாய்ந்ததில் ஏறத்தாழ 3,000 பேர் மாண்டார்கள் அல்லது காயமடைந்தார்கள். அடுத்து முற்றுகையிட்டவர்களுக்கு வெடிமருந்துத் தட்டுப்பாடு. ஆஸ்டெண்ட் துறைமுகத்திலிருந்து வந்த வண்டிகளைக் காக்கவே செப்டம்பர் 28 அன்று வைனென்டால் என்ற இடத்தில் ஒரு சண்டை போட வேண்டியிருந்தது. வெடிமருந்துப் பஞ்சம் உள்ளேயும்தான்: அதே இரவில் பிரெஞ்சுக் குதிரைவீரர்கள் ஆளுக்கொரு வெடிமருந்து மூட்டையோடு முற்றுகையை ஊடுருவினார்கள். சில மூட்டைகள் வழியிலேயே வெடித்தன.

அக்டோபர் 22 அன்று நகரம் பணிந்தது. பூஃப்ளேர் உள்கோட்டைக்குள் ஒதுங்கிக்கொள்ள, அதற்கு எதிரே மறுபடி முதலிலிருந்து தோண்டினார்கள், டிசம்பர்வரை.