வயசாச்சுல்லா

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். எங்கள் வீடு திருவட்டாறு பக்கம். பழைய ஓட்டு வீடுகளின் படிப்புரைத் திண்ணைகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த அன்றே எழுத நினைத்தேன். எங்கள் படிப்புரையில் படுத்துக் கிடப்பவனைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

ஜிம்மிக்கு 14 வயது. நாட்டு நாய். ரப்பர் பால் வெட்டப் போன இடத்திலிருந்து அப்பா மடியில் கட்டிக்கொண்டு வந்த குட்டி. ஆறு மாதமாக அவன் சரியில்லை. பின்னங்கால்கள் தரையில் வழுக்குகின்றன. முற்றத்துக்கு இறங்க நான்கு படிதான், அதற்கே யோசித்து நிற்கிறான். கண்ணில் நீலம் படர்ந்திருக்கிறது. ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து இரைத்துக்கொண்டே நடக்கிறான். அடுக்களைக் கதவுக்குப் பின்னால் போய் மாட்டிக்கொண்டு, திரும்பத் தெரியாமல் நிற்கிறான். தண்ணீர் நிறையக் குடிக்கிறான். சில நாள் படுத்த இடத்திலேயே மூத்திரம் போய்விடுகிறது. அப்போது என் முகத்தைப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொள்கிறான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. போன மாதம் ஒரு காலையில் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து, கண்மணி துடிக்க, எழ எழ விழுந்தான். வாதம் என்றார்கள். பத்து நாளில் தானாகவே சரியாகிவிட்டது.

பக்கத்து வீட்டு மாமா, ஊசி போட்டு விட்டால் அதற்கும் நிம்மதி உனக்கும் நிம்மதி என்கிறார். அம்மாவோ, "அப்பாவுக்க பட்டியாக்கும். குத்தி வச்சு கொல்லது பாவம். வயசாச்சுல்லா, அதுக்க நேரம் வரும்ப அது போவும்" என்கிறாள். மருத்துவரிடம் காட்டலாம் என்றாலும் விடுவதில்லை. வயசுக்கு மருந்து உண்டா என்று கேட்கிறாள்.

அப்பா இறந்து மூன்று வருடமாகிறது. அப்போது நான் மஸ்கட்டில் இருந்தேன். அடக்கத்துக்குத்தான் வந்து சேர முடிந்தது. இப்போது ஊரோடு வந்துவிட்டேன். ஜிம்மியை எப்படியாவது வைத்திருக்க வேண்டும் என்று நான் நினைப்பது அன்பா, சுயநலமா? நீங்கள் நாய் வளர்த்தவர், சொல்லுங்கள்.

எம்.

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்து நான்கு நாளாகிறது. இரண்டு முறை பதில் எழுதி அழித்துவிட்டேன். அன்பா சுயநலமா என்ற கேள்விக்குள் நுழைவதற்கு முன் எங்கள் நாய் செம்பனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

செம்பனுக்குப் பன்னிரண்டு வயதான வருடம், ஆடிச் சாரல் நேரத்தில், சாப்பாட்டை நிறுத்தினான். மரச்சீனிக் கிழங்கும் சாளை மீனும் பிசைந்து வைத்தால் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வான். விலா எலும்பு தெரிய மெலிந்தான். வலது கண்ணுக்குக் கீழே சின்னதாக ஒரு வீக்கம் இருந்தது. தோட்டத்தில் கடந்தை கொட்டியிருக்கும் என்று விட்டுவிட்டேன். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் "வயசாச்சுல்லா" என்றார்கள். நானும் சொன்னேன். இரண்டு மாதம் தினமும் சாயங்காலம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, தலையைத் தடவி, மனதுக்குள் அவனை வழியனுப்பிக்கொண்டிருந்தேன்.

உண்ணி மருந்து வாங்கப் போனபோது ஓர் இளம் மருத்துவரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். உடனே கூட்டி வரச் சொன்னார். மேல் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். கடைவாயில் பெரிய பல் வெடித்து, வேர்வரை சீழ் கட்டியிருந்தது. அந்தப் பல்லின் வேர் கண்ணுக்கு நேர் கீழே முடிகிறதாம், அதனால்தான் அங்கே வீக்கம். பல்லை எடுத்தார்கள். ஐந்தாம் நாள் செம்பன் தட்டை நக்கி முடித்துவிட்டு, இன்னும் இல்லையா என்று என்னை நிமிர்ந்து பார்த்தான். அதன்பிறகு ஒரு வருடமும் நான்கு மாதமும் இருந்தான். பல்வலியில் கிடந்தவனின் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு மாதம் அவன் சாவை நினைத்து அழுதிருக்கிறேன். இன்றும் அதை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது.

"வயசாச்சுல்லா" என்பதை நம் ஊரில் யாரும் கல்நெஞ்சத்தோடு சொல்வதில்லை. வாஞ்சையாகத்தான் சொல்கிறோம். ஆனால் அதைச் சொன்ன பிறகு யாரும் எதையும் உற்றுப் பார்ப்பதில்லை. எங்கள் அம்மச்சி கடைசி ஐந்து வருடம் சுவரைத் தடவித்தான் நடந்தாள். கண்புரை. சின்ன அறுவை சிகிச்சையில் தீர்ந்திருக்கும். வீடு நிறையப் பிள்ளைகள் இருந்தோம், எல்லோருமே வாஞ்சையோடு வயசாச்சுல்லா என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஆகவே முதலில் ஜிம்மியைப் பார்ப்போம். நீங்கள் எழுதியதில் என்னை உறுத்துவது தண்ணீர். நாளை காலை ஒரு லிட்டர் பாட்டிலால் அளந்து ஊற்றுங்கள். அடுத்த நாள் காலை மிச்சத்தை அளந்து கழியுங்கள். மழைத் தண்ணீர் தேங்கிய வாளியையெல்லாம் கவிழ்த்து வையுங்கள், இல்லையென்றால் கணக்கு தப்பும். ஒரு நாய் தன் எடையில் கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல் ஒரு நாளில் குடித்தால் அது மிகை. ஜிம்மி 18 கிலோ இருந்தால் 1,800 மில்லி. அதைத் தாண்டினால் சிறுநீரகமாக இருக்கலாம், சர்க்கரையாக இருக்கலாம், ஹார்மோன் கோளாறாகவும் இருக்கலாம். ரத்தமும் சிறுநீரும் பரிசோதித்தால்தான் தெரியும். மூத்திரம் போகிறதே என்று தண்ணீரைக் குறைத்து மட்டும் விடாதீர்கள். சிறுநீரகம் கெட்ட நாய்க்குத் தண்ணீர் இல்லாமல் போனால் ஒரே ராத்திரியில் நிலைமை கைமீறும்.

ரப்பர் தோட்டத்தை ஒட்டிய வீடு என்பதால் உண்ணிக் காய்ச்சலுக்கும் ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். அது சத்தமில்லாமல் மாதக்கணக்கில் உள்ளே இருக்கும். சோர்வு, மெலிவு, ஈறு வெளிறுவது என்று பார்ப்பதற்கு முதுமை போலவே தெரியும். சமயத்தில் கண்டுபிடித்தால் மாத்திரையில் கேட்கக்கூடியது. ஜிம்மி நன்றாகத் தூங்கும்போது வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணி எழுதி வையுங்கள். முப்பதுக்கு மேல் போனால் இதயத்தையும் நுரையீரலையும் பார்க்க வேண்டும். ஸ்கேன் தேவை என்று சொன்னால் திருநெல்வேலி ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆரல்வாய்மொழி தாண்டிக் கொஞ்சம் தூரம்தான், ஆனால் ஒரு நாள் செலவழிக்கலாம்.

போன மாதம் வந்தது வாதம் இல்லை என்றே நினைக்கிறேன். கிழ நாய்களுக்கு உட்காதில் உள்ள சமநிலை திடீரென்று குலைந்து தலை சாய்வதும், கண்மணி ஆடுவதும், விழுவதும் உண்டு. பெரும்பாலும் சில நாளில், சில வாரத்தில் தேறிவிடும். அந்த முதல் நாளின் பயங்கரத்தைப் பார்த்துவிட்டு ஊசிக்கு அவசரப்பட்டவர்களை எனக்குத் தெரியும். நீங்கள் அவசரப்படவில்லை. அதற்கு உங்களுக்கு நன்றி. கண்ணின் நீலமும் பெரும்பாலும் லென்ஸ் இறுகுவதால் வருவதுதான். புரை வெள்ளையாக இருக்கும். இதையும் மருத்துவர் டார்ச் அடித்துச் சொல்லிவிடுவார்.

ராத்திரி நடப்பதும் கதவுக்குப் பின்னால் நிற்பதும் வேறு. மனிதர்களுக்கு வருவதுபோல நாய்களுக்கும் முதுமையில் நினைவு கலங்கும். பகல் ராத்திரியாகும், ராத்திரி பகலாகும். முழுக்கத் தீராது, ஆனால் லேசாக்கலாம். பகலில் கொஞ்ச நேரம் வெயிலில் நடத்துங்கள், சாப்பாட்டு நேரத்தை மாற்றாதீர்கள், நடையில் ஒரு சீரோ வாட் பல்பு எரியட்டும், அந்த அடுக்களைக் கதவைச் சுவரோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். மாட்டிக்கொள்ள இடுக்கு இருக்கக்கூடாது. இரைப்பு மட்டும் வலியாலும் இருக்கலாம். நாய் வலித்தால் அழும் என்று நினைக்கிறோம். மூட்டு வலிக்கும் நாய் பெரும்பாலும் அழுவதில்லை. இடம் மாற்றி மாற்றிப் படுக்கும், ஒரே மூட்டை நக்கிக்கொண்டிருக்கும், ராத்திரி இரைக்கும். பாவமாக இருக்கிறதே என்று வீட்டில் இருக்கும் பாரசிட்டமால், ப்ரூஃபன், டைக்ளோஃபினாக் எதையும் கொடுக்காதீர்கள். மனித வலி மாத்திரைகளால் நாயின் ஈரலும் வயிறும் சிறுநீரகமும் போய்விடும். நாய்க்கென்று வலி மருந்துகள் உண்டு, அவையும் ரத்தப் பரிசோதனை பார்த்த பிறகுதான்.

தரை சிமெண்ட்தானே? பழைய ரப்பர் விரிப்பையோ கயிற்று மிதியடியையோ அவன் நடக்கும் வழி முழுக்கப் போடுங்கள். அந்த நான்கு படிகளின்மேல் ஒரு பலகையைச் சாய்த்து, அதன்மேல் சாக்கு அடியுங்கள். இடுப்பு தூக்க முடியாத நாளில் ஒரு துவர்த்துத் துண்டை வயிற்றுக்கு அடியில் கொடுத்து இரு முனையையும் தூக்கிப் பிடித்து நடத்தலாம். நம் மாவட்டத்துக்கு ஆடியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. ஈரத் தரையில் படுக்க விடாதீர்கள், பழைய மெத்தையை மடித்துப் போடுங்கள். சோற்றைச் சற்றே சூடாக்கி வைத்தால் வாசனை எழும், மூக்கு மங்கியவனும் சாப்பிடுவான். மீன்குழம்பை மட்டும் அப்படியே ஊற்றாதீர்கள். அதில் கிடக்கும் உள்ளி, அதாவது வெங்காயம், நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். குழம்பு வைக்கும் முன்பே நாலு துண்டு மீனை எடுத்துத் தனியாக வேகவைத்து, முள் எடுத்துக் கொடுங்கள்.

இனி, அவன் தலையைத் திருப்பிக்கொள்வது. அலெக்ஸாண்ட்ரா ஹொரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். நாய்களின் குற்ற முகம் என்று நாம் சொல்வது, அவை தப்பு செய்தனவா என்பதைப் பொறுத்து வரவில்லை, வளர்ப்பவர் கடிந்துகொண்டாரா என்பதைப் பொறுத்தே வந்தது என்று அதில் தெரிந்தது. ஜிம்மி உங்கள் முகத்தைப் படிக்கிறான். நனைந்த சாக்கை எடுக்கும்போது உங்கள் முகத்தில் இருக்கும் துக்கம் அவனுக்குக் கோபமாகத் தெரிந்திருக்கும். அவன் பெயரைச் சொல்லிப் பேசிக்கொண்டே துடையுங்கள். செம்பனிடம் நான் அன்றைய மீன் விலையைச் சொல்லிக்கொண்டிருப்பேன். வால் ஆடும்.

செங்கம் பக்கம் எடுத்தனூரில் 7ஆம் நூற்றாண்டு நடுகல் ஒன்று இருக்கிறது. மகேந்திரவர்மன் காலத்தது. மாட்டு மந்தையைக் காத்துச் செத்த ஒரு வீரனுக்கு எடுத்த கல். அவனுக்குப் பக்கத்தில் ஒரு நாயையும் செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும் பொறித்திருக்கிறார்கள். இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று அதன் செயலையும். ஒரு நாயின் பெயரை இத்தனை நூற்றாண்டு சுமந்த மொழி நம்முடையது என்று எனக்குப் பெருமை. செம்பனின் கடைசி நாட்களில் அந்தக் கல்லை அடிக்கடி நினைத்தேன். கோவிவனுக்குக் கல்லில் வயதாவதே இல்லை, அந்த ஒரு நொடியிலேயே நிற்கிறான். நாமும் நம் நாய்களை அப்படி எங்கேயோ நிறுத்திவிடுகிறோம். பிறகு படிப்புரையில் கிடப்பவனைப் பார்த்தால் அவனில்லை என்று தோன்றுகிறது. உங்கள் ஜிம்மி நின்றிருக்கும் இடம் அப்பாவின் மடி.

அம்மா "அப்பாவுக்க பட்டி" என்கிறார்கள். நீங்கள் அதைச் சொல்லவில்லை, ஆனால் மஸ்கட்டைப் பற்றி எழுதிய மூன்று வரிகளில் அதுதான் இருக்கிறது. அப்பாவுக்குத் தண்ணீர் ஊட்ட, புரட்டிப் படுக்க வைக்க, ராத்திரி விழித்திருக்க உங்களுக்கு வாய்க்கவில்லை. ஜிம்மிக்குச் செய்கிறீர்கள். செய்யுங்கள் தம்பி, அதில் ஒரு தப்பும் இல்லை, கைக்கு வேலை கிடைத்த துக்கம் கொஞ்சம் ஆறும். ஆனால் ஒரு நாள் வரும்போது, அப்பாவை இன்னொரு தடவை சாகவிடுகிறேன் என்று நினைத்து அவனைப் பிடித்து வைத்துவிடாதீர்கள். அந்தப் பாரத்தைச் சுமக்க அவனுடைய இடுப்பில் வலுவில்லை. நான் அந்தத் தப்பைச் செய்தேன். செம்பனின் சிறுநீரகம் முற்றாக நின்று, வாயெல்லாம் புண்ணாகி, தண்ணீரும் வாந்தியாகிப் போன பிறகும் நான்கு நாள் வைத்திருந்தேன். பெங்களூரிலிருந்து மகள் வந்து பார்க்க வேண்டும் என்று. அவள் வந்தாள். அவனுக்கு அவளைத் தெரியவில்லை.

அந்த நாளை எப்படிக் கண்டுபிடிப்பது? ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் 2004இல் ஒரு அளவுகோல் கொடுத்தார். வலி, பசி, நீர், சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்று ஏழு விஷயம். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மதிப்பெண். கூட்டினால் 35க்கு மேல் இருந்தால் தொடரலாம். நான் இதைவிட எளிதாகச் செய்தேன். செம்பனுக்குப் பிடித்தது மூன்று. மீன்காரரின் ஹார்ன் கேட்டால் கேட் வரைக்கும் போவது, சாயங்கால வெயில் விழும் இடத்துக்கு நகர்ந்து படுப்பது, மகள் குரல் போனில் கேட்டால் காதைத் தூக்குவது. நாட்காட்டியில் தினமும் குறித்தேன். கடைசி வாரத்தில் மூன்றுமே இல்லை. தாளில் பார்க்கும்வரை நான் அதை நம்பவில்லை. ஜிம்மிக்கு எந்த மூன்று என்று அம்மாவிடம் கேளுங்கள், அவர்களுக்குத்தான் தெரியும்.

உங்கள் வீட்டில் மருத்துவர் என்றாலே ஊசி என்றாகிவிட்டது. அம்மா தடுப்பது மருத்துவத்தை அல்ல, ஊசியைத்தான். ரத்தம் பார்க்க மட்டும்தான் போகிறோம் என்று சொல்லுங்கள். ஒருவேளை அந்த நாள் வந்தாலும், அது அவர்கள் பயப்படுவதுபோல் இருக்காது. முதலில் மயக்கம் கொடுப்பார்கள். உறங்கிய பிறகு நரம்பில் அளவு கூடிய மயக்க மருந்து ஏற்றுவார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும். கண் மூடாது, ஒரு பெருமூச்சு வரலாம், பயப்படக்கூடாது. நான் பக்கத்தில் இருந்தேன். அதற்கு முந்தைய நான்கு நாளைத்தான் பாவம் என்பேன். பிறகு அயனி மரத்தடியில் ஆழமாகக் குழி எடுத்தோம். அந்த மருந்து உடம்பில் தங்கும், வேறு விலங்கு தோண்டித் தின்றால் அதற்கும் ஆபத்து.

ஆனால் அதெல்லாம் இப்போது இல்லை. படி இறங்க யோசிப்பவன், இறங்க விரும்புகிறான். இந்த வாரமே போங்கள், அம்மாவையும் கூட்டிக்கொண்டு. ஆட்டோவில் ஜிம்மியின் தலை அம்மா மடியில் இருக்கட்டும், வளைவுகளில் சரியாமல் இருப்பான். தண்ணீர்க் கணக்கையும், பரிசோதனைச் சீட்டில் சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் கிரியாட்டினின் என்று போட்டிருக்கும் இடத்தில் உள்ள எண்ணையும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா
தக்கலை