கேமராவைப் பார்க்கும் முகங்கள்

அன்புள்ள ஐயா,

பழைய மௌனப்படங்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, மிட்செல் - கென்யன் என்ற இருவர் எடுத்தவற்றை யூடியூபில் பார்த்தேன். ஆலையிலிருந்து வரும் அத்தனை பேரும் கேமராவையே முறைக்கிறார்கள். பையன்கள் முன்னால் வந்து சேட்டை செய்கிறார்கள். போதாததற்கு எல்லோரும் ஓட்டமும் நடையுமாகப் போகிறார்கள். இயல்பே இல்லாத இதை எப்படி ஆவணம் என்பது?

க., தஞ்சாவூர்

அன்புள்ள க.,

முறைக்கட்டும் என்றுதானே எடுத்தார்கள்! மிட்செலும் கென்யனும் இங்கிலாந்தில் பிளாக்பர்ன் ஊர்க்காரர்கள். (நம் நாட்டுக்கு வேட்டி நெய்து அனுப்பிய ஊர்.) 1900ஐ ஒட்டிய வருடங்களில், சந்தைத் திடல்களில் கூடாரம் போட்டுப் படம் காட்டியவர்கள் இவர்களை அமர்த்திக்கொள்வார்கள். ஆலை விடும் நேரத்தில் வாசலில் கேமரா நிற்கும். எடுத்ததைச் சூட்டோடு சூடாக அதே ஊரில் ஓட்டுவார்கள். 'உங்களை நீங்களே வந்து பாருங்கள்' என்பதுதான் விளம்பரம். எத்தனை முகமோ அத்தனை டிக்கெட். கூட்டத்துக்குள் தொப்பி போட்ட ஒருவர் ஆட்களைக் கேமரா பக்கம் தள்ளிவிடுவார், கவனியுங்கள். கூடாரக்காரர் அவர்தான். தொப்பியை ஆட்டிக்கொண்டு போன பையன் சற்று நேரத்தில் மறுபடியும் வருவான். பின்பக்கமாகச் சுற்றி ஓடி வந்திருப்பான்.

1895இல் சினிமாவின் முன்னோடிகளான லூமியேர் சகோதரர்கள் பிரான்சில் லியோன் நகரில் எடுத்த படத்திலும் தொழிற்சாலை விட்டு ஆட்கள் வருகிறார்கள், ஆனால் பெரும்பாலும் கேமராவைக் கண்டுகொள்வதில்லை. அது லூமியேர்களின் சொந்தத் தொழிற்சாலை. ஒன்றுக்கு மூன்று முறை எடுத்திருக்கிறார்கள். முதலாளி கேமராவோடு நிற்கும்போது பார்க்காமல் போவதுதான் எனக்கு நடிப்பாகத் தெரிகிறது.

பிளாக்பர்ன் கூட்டத்தில் தலையில் சால்வை போர்த்திய பெண்களுக்கு நடுவே பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் வருகிறார்கள். அரை நாள் ஆலை, அரை நாள் பள்ளிக்கூடம் என்று அன்றைய சட்டமே அனுமதித்தது. அதை அம்பலப்படுத்த யாரும் கேமராவைத் தூக்கவில்லை. டிக்கெட் விற்க எடுத்தார்கள், அதில் இதுவும் விழுந்துவிட்டது. அப்புறம் எல்லோரும் மறந்தும் போனார்கள். 1994இல் பிளாக்பர்னில் ஒரு பழைய கடையின் நிலவறையில், உலோகப் பீப்பாய்களுக்குள் எண்ணூறுக்கு மேற்பட்ட நெகட்டிவ்கள் கிடைத்தன.

சரி, அந்த ஓட்டம். அன்று கேமராவைக் கையால் சுற்றினார்கள், நொடிக்குச் சுமார் 16 சட்டகம் (ஃப்ரேம்). அதைப் பிற்பாடு வழக்கமாகிவிட்ட 24இல் ஓட்டினால் யாரும் ஓடத்தான் செய்வார்கள். யூடியூபில் வேகத்தை 0.75க்குக் குறைத்துவிட்டு இன்னொரு தடவை பாருங்கள்.