தானியக் குதிருக்குப் பின்னால் ஒரு பை

அன்புள்ள ஐயா,

உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். ஊர்த் தபால்காரர் எனக்கு மாமன் முறை. சிங்கப்பூரிலிருந்து அண்ணன் அனுப்பும் பார்சல் இரண்டு முறை பிரிக்கப்பட்டு, வேறு டேப் ஒட்டி வந்தது. போன மாதம் மாமா வீட்டு விசேஷத்துக்குப் போனபோது, குதிருக்குப் பின்னால் ஒரு பை நிறையக் கவர்களைப் பார்த்தேன். மேலாக இருந்த இரண்டில் எங்கள் தெருவில் படித்துவிட்டு வேலை தேடும் பெண்ணின் பெயர். புகார் கொடுத்தால் மாமாவுக்கு வேலை போகும். இரண்டு பெண் பிள்ளைகள் கல்யாணத்துக்கு நிற்கிறார்கள். காட்டிக்கொடுத்தவன் என்று ஊர் என்னைப் பேசும். என்ன செய்ய?

(பெயர் தவிர்த்திருக்கிறேன்)

அன்புள்ள தம்பி,

பார்சலை முதலில் ஒதுக்கி வையுங்கள். வெளிநாட்டுப் பார்சலைச் சுங்கத்துறை பிரித்துப் பார்த்துத் திரும்ப ஒட்டி அனுப்புவது சகஜம். டேப்பை வைத்து ஒருவரைத் திருடன் என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் அந்தப் பை வேறு விஷயம். மாமா திருடவில்லை, நடக்கச் சோம்பல்பட்டுப் போட்டு வைத்திருக்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். 1898ஆம் ஆண்டு அஞ்சல் சட்டம் இதில் வித்தியாசமே பார்க்கவில்லை. ஊழியர் தபாலைத் திருடினாலும் சரி, எந்தக் காரணத்துக்காக ஒளித்தாலும் எறிந்தாலும் சரி, ஏழாண்டு வரை சிறை என்று ஒரே பிரிவில் வைத்திருந்தது. 2024 ஜூனில் புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்து அது போய்விட்டது; இப்போது வழக்கென்றால் பொதுவான குற்றவியல் சட்டத்தில்தான். ஆனாலும் அந்தப் பழைய பிரிவை எழுதியவருக்குக் கடிதம் வராத வீடு எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்கிறது.

எனக்கும் தெரியும். 1991இல் என் அண்ணனுக்கு வந்த இன்டர்வியூ கார்டு, தேதி முடிந்து பதினொரு நாள் கழித்துக் கையில் கிடைத்தது. எங்கே தங்கியது, யாரால் தங்கியது, ஒன்றும் தெரியாது. அம்மா அதைக் கிழிக்காமல் அரிசிப் பானைக்கு அடியில் வைத்திருந்தார். அண்ணன் லாரிக்குப் போனார். கோபப்படக்கூட ஆள் இல்லாமல் போனதுதான் அவருக்குப் பெரிய குறை.

உங்கள் தெருப் பெண்ணுக்கு அந்தக் குறைகூட இல்லை. தனக்கு ஒரு கடிதம் வந்ததே அவளுக்குத் தெரியாது. தெரியாதவள் எப்படிப் புகார் கொடுப்பாள்? தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். மாமாவின் பெண் பிள்ளைகளைச் சொன்னீர்கள். இவளும் ஒரு வீட்டுப் பெண்தானே.

மாமாவிடம் முதலில் சொல்லிப் பார்க்கலாமே என்று மனசு சொல்லும். முறைமைக்கு அது சரி. ஆனால் அன்று ராத்திரியே பை அடுப்புக்குப் போய்விடும். புகார் கொடுங்கள். பார்த்த தேதி, இடம், கவரில் இருந்த பெயர் மட்டும் எழுதுங்கள். திருடினார் என்று நீங்கள் தீர்ப்பு எழுத வேண்டாம். மதுரையில் உள்ள அஞ்சல் கோட்டக் கண்காணிப்பாளருக்கு அனுப்புங்கள். மொட்டைக் கடிதம் பிரயோஜனமில்லை, அதைப் பொதுவாகக் கிடப்பில்தான் போடுவார்கள். கையெழுத்துப் போட வேண்டும். விசாரணைக்கு அஞ்சல் துறை ஆய்வாளர் வரும்போது உங்கள் பெயர் வெளியே தெரிந்துவிடவும் கூடும். அதை மறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. அப்புறம், தயவுசெய்து உங்கள் ஊர்ப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள்! உசிலம்பட்டிக்குப் போய் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

மாமா கிராமிய அஞ்சல் ஊழியராகத்தான் இருப்பார். நாலைந்து மணி நேர வேலை, அதற்கேற்ற சம்பளம். விசாரணை முடியும்வரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தால், ஆரம்பத்தில் அதிலும் கால் பங்குதான் கையில் வரும். அந்த வீடு கஷ்டப்படும், இல்லையென்று சொல்லமாட்டேன். அந்த மாதங்களில் அரிசி பருப்புக்கு நீங்கள் போய் நில்லுங்கள், வாசலில் ஏற்றாவிட்டாலும்.

ஆய்வாளர் வந்து பையை எடுத்த அன்றே அந்தப் பெண் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொல்லிவிடுங்கள். அந்தக் கவர்களில் என்ன இருந்தது என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.