ஐம்புலன் அனுபவத்தையும் இந்துத் தத்துவத்தையும் வைத்து ஹைக்கூ எழுதுவது எப்படி?

கேட்டவர் கேள்வியோடு ஒரு சந்தேகத்தையும் சேர்த்திருக்கிறார்: தத்துவம் புலனை அடக்கச் சொல்கிறது, ஹைக்கூ புலனைத் திறந்து வைக்கச் சொல்கிறது, இரண்டும் எப்படி ஒத்துப்போகும்?

கடோபநிடதத்தில் ஒரு தேர் வருகிறது. உடல் தேர், புத்தி சாரதி, மனம் கடிவாளம், புலன்கள் குதிரைகள். குதிரையை அவிழ்த்துவிட்டால் தேர் எங்கே போகும்? பிடித்து ஓட்டத்தான் சொல்லியிருக்கிறது. அதனால் சண்டை இல்லை என்றே நினைக்கிறேன்.

எங்கள் ஊர் கோவை மாவட்டத்தில் சோமனூர்ப் பக்கம். வீட்டை ஒட்டியே எட்டு விசைத்தறி. கூலிக்குக் காடாத் துணி ஓட்டுகிற குடும்பம். கல்லூரியில் படிக்கும்போது நான் எழுதிய முதல் ஹைக்கூ இது, சிரிக்கக் கூடாது:

மாயை கலைந்தது
ஆன்மா விழித்தது
பிரம்மம் சிரித்தது

அப்பாருவிடம் (தாத்தாவிடம்) வாசித்துக் காட்டினேன். ஊடு நூலைத் தாரில் சுற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தாமலே, "ஏங்கண்ணு, இதெல்லாம் நீ எங்க பாத்தே?" என்றார்.

"பாக்கலீங்க அப்பாரு, யோசிச்சு எழுதுனது."

"செரி" என்று சொல்லிவிட்டு அடுத்த தாரை எடுத்தார். அதற்கு மேல் விமர்சனம் இல்லை.

2012 வாக்கில் மின்வெட்டு எங்கள் பக்கம் கடுமையாக இருந்தது நினைவிருக்கும். ஒரு மத்தியானம் எட்டுத் தறியும் ஒரே நேரத்தில் நின்றன. பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம் என்பதால் ஓடும்போது அது என் காதில் விழுந்ததே இல்லை, நின்றபோதுதான் விழுந்தது. கொஞ்ச நேரம் காதுக்குள் ஒரு ரீங்காரம். அப்புறம் அதுவும் அடங்கியது. அதற்கும் அப்பால், பொடக்காலியில், அதாவது புழக்கடையில், கோழி மண்ணைக் கிளறுகிற சத்தம்.

கரண்ட் போனது
பொடக்காலியில் கோழி
மண் கிளறுகிறது

இதையும் அப்பாருவிடம் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. திரும்பிக் கோழியைப் பார்த்தார்.

மாண்டூக்கிய உபநிடதம் ஓம் என்பதை அ, உ, ம் என்று பிரித்துவிட்டு, மூன்றும் அடங்கிய பின் அளவில்லாத நான்காவது ஒன்றைச் சொல்கிறது. அதைப் படித்தபோது எனக்கு அந்த மத்தியானம்தான் ஞாபகம் வந்தது. கவிதையில் அந்தச் சொல் எதுவும் கிடையாது; வந்திருந்தால் கோழி பறந்து போயிருக்கும். முதல் வரிக்கும் இரண்டாம் வரிக்கும் நடுவில் உள்ள வெட்டில்தான் அது உட்கார வேண்டும். ஜப்பானியர்கள் இந்த இடத்துக்கென்றே வெட்டுச்சொல் வைத்திருக்கிறார்கள். நமக்கு வரி முறிவே போதும்.

இலக்கணம் பற்றிக் கொஞ்சம். ஜப்பானிய மொழியில் 5-7-5 என்று 17 ஒலி. பாரதியார் 1916-லேயே சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதை பற்றி எழுதிவிட்டார். ஆனாலும் அந்த எண்ணிக்கை தமிழில் ஒட்டவில்லை, ஒட்ட வேண்டியதுமில்லை. பருவச்சொல்லை மட்டும் விடாதீர்கள். பொங்கலுக்கு முந்தின காப்புக் கட்டுக்குப் பறிக்கிற பூளைப்பூ, பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற ஆடிக்காற்று, ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் வேகிற வாசம். இதில் ஒன்றைச் சொன்னால் மாதத்தைத் தனியாகச் சொல்ல வேண்டாம்.

நம்மிடம் உள்ள பெரிய வியாதி கடைசி வரியில் குத்து வைப்பது. எனக்கும் உண்டு:

சித்திரை வெயில்
பேரூர்ப் பிராகாரக் கல்லில்
நாமும் ஆடுகிறோம்

கோவைப் பக்கத்துப் பேரூர் சிவன் கோயிலில், உள்ளே கனகசபையில் நடராசர் ஆடுகிறார், வெளியே கால் சுட்டு நாம் குதிக்கிறோம். கைதட்டல் வாங்கும். ஆனால் 'நாமும்' என்பதில் நான் கண்ணடிப்பது தெரிகிறது. இது சென்ரியுவுக்கு, அதாவது மனிதரைக் கிண்டலாகப் பார்க்கும் ஜப்பானிய மூன்றுவரிக் கவிதைக்குப் போகலாம், ஹைக்கூவாக எனக்குத் திருப்தியில்லை.

இன்னொன்று, கண்ணை விட்டு வெளியே வாருங்கள். வள்ளுவர் 'சுவைஒளி ஊறுஓசை நாற்றம்' என்று ஐந்தையும் சொல்லும்போது நாக்கில் தொடங்குகிறார். நாம் பெரும்பாலும் பார்த்ததோடு நின்றுவிடுகிறோம். பிருகதாரண்யக உபநிடதத்தில் கார்கி என்ற பெண் ஞானி, எல்லாம் நீரில் ஊடும் பாவுமாக நெய்யப்பட்டிருக்கிறதென்றால் நீர் எதில், காற்று எதில் என்று யாக்ஞவல்கிய முனிவரை விடாமல் கேட்கிறாள். தறிக்காரன் வீட்டில் அது தினசரி வேலை. இழை அறுந்தால் தடவிக்கொண்டே பின்னால் போவோம்.

கண்ணாடியைக் காணோம்
அறுந்த பாவு நூலைத்
தேடும் விரல்

சுவைக்கு ஒன்று இன்னும் முடியாமல் இருக்கிறது. கொடுமுடியில் சுந்தரர், நான் மறந்தாலும் என் நாக்கு உன் பெயரைச் சொல்லும் என்று பாடினார். எங்கள் ஆத்தாவுக்குக் கடைசிக் காலத்தில் பிள்ளைகள் பெயரெல்லாம் மறந்துவிட்டது. செலவு ரசம் (மசாலாச் சாமான் அரைத்து வைக்கிற எங்கள் பக்கத்து ரசம்) கொடுத்தால் மட்டும் ஒரு வாய் குடித்துவிட்டு உடனே தீர்ப்பு வரும்.

பேர் மறந்த ஆத்தா
ரசத்தைக் குடித்துவிட்டு
உப்புக் கம்மி என்கிறாள்

'என்கிறாள்' வேண்டுமா வேண்டாமா என்று இரண்டு மாதமாக அடித்து அடித்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.